கரடிக்கு இட்ட சோறு

பசித்து வந்த உயிருக்கு உணவு கொடுப்பது நல்லது என்பதை எவரும் நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. காக்கைக்கு ஒரு கவளம் வைத்த பின்பே உண்ண அமர்வோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். மீந்த சோற்றைத் தெருநாய்க்கு இடாத வீடு அரிது. இவ்வாறு பழகிய நமக்கு, உணவு கொடுத்ததே ஓர் உயிரினத்தை அழிவின் வாசல்வரை கொண்டு சென்றது என்று எவரேனும் சொன்னால் முதலில் நம்பத் தோன்றாது. ஆயினும் அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் உள்ள ராக்கி மலைகளில் நிகழ்ந்தது. சாலைகள் சென்றடையாத உட்காட்டில் முதுகில் மூட்டையுடன் நாள் கணக்கில் நடப்போர் அங்கே மிகுதி. அவர்கள் விலங்குகளிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இன்று அந்நாட்டில் வழங்கும் விதிகள், பெரும்பாலும் இவ்வரலாறு கற்பித்த பாடங்களிலிருந்து பிறந்தவை.

1872ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளன்று யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா சட்டத்தின் வழியே நிறுவப்பட்டது. வெந்நீர் ஊற்றுகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் நிறைந்த, ஏறக்குறைய 9,000 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள நிலம் அது. தேசியப் பூங்கா என்னும் கருத்துக்கே அது முன்னோடி எனலாம். அங்கே இருவகைக் கரடிகள் வாழ்கின்றன. ஒன்று, மரமேறுவதில் வல்ல கருங்கரடி. மற்றது, தோளில் திமில் போன்ற தசைப் புடைப்பும் நீண்ட நகங்களும் கொண்ட கிரிஸ்லி கரடி. கிரிஸ்லி இனத்தின் வளர்ந்த ஆண் 300 கிலோ எடையைக்கூட எட்டும். வேர், புல், கொட்டை, பூச்சி, மீன், செத்த விலங்கின் இறைச்சி என எது கிடைப்பினும் அது உண்ணும். பனிக்காலம் முழுவதும் வளைக்குள் உண்ணாமல் உறங்கிக் கிடக்க வேண்டியிருப்பதால், இலையுதிர் காலத்தில் அதற்குத் தீராப் பசி. இந்தப் பசியை மறந்துவிட்டால் பின்னர் நடந்த எதுவும் நமக்கு விளங்காது.

பூங்காவில் விடுதிகள் எழுந்தன. விடுதிகளின் பின்புறத்தில் சமையற் கழிவுகள் கொட்டப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளிலேயே மாலை நேரங்களில் கரடிகள் அங்கே வந்து கூடலாயின. அவற்றைக் காண விருந்தினரும் கூடலாயினர். கரடிக்குக் கையால் உணவு கொடுக்கலாகாது என்னும் தடை 1902ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் ஏட்டளவில் நின்ற தடை அது. 1915இல் மோட்டார் வண்டிகள் பூங்காவுக்குள் அனுமதிக்கப்பட்டதும் சாலையோரத்தில் அமர்ந்து இரக்கும் கருங்கரடிகள் பெருகின. வண்டியை நிறுத்துவதும், கண்ணாடியை இறக்கி ரொட்டித் துண்டை நீட்டுவதும், குழந்தையைக் கரடியருகே நிறுத்திப் படம் எடுப்பதும் விடுமுறைப் பயணத்தின் பகுதிகள் ஆயின. 1919 முதல் பத்தாண்டுகள் யெல்லோஸ்டோனின் கண்காணிப்பாளராக விளங்கிய ஹோரஸ் ஆல்பிரைட் கரடிகளோடு உணவு மேசையில் அமர்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று புகழ்பெற்றது. விதியைக் காக்க வேண்டியவரே அப்படி அமர்ந்தால் விருந்தினர் வேறென்ன செய்வர்!

அதே ஆண்டுகளில் அதே பூங்காவில் ஓநாய்கள் சுடப்பட்டு வந்தன என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மான்களைக் கொல்லும் தீய விலங்கு என்று எண்ணி, பூங்காப் பணியாளர்களே அவற்றைத் தேடித் தேடிக் கொன்றனர். 1926இல் கடைசிக் குட்டிகளும் மாண்டன. ஒருபுறம் கரடிக்கு விருந்து, மறுபுறம் ஓநாய்க்குக் குண்டு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். நமக்கோ அவை ஒரே மனநிலையின் இரு முகங்களாகவே படுகின்றன. காட்டு விலங்கு நமக்கு மகிழ்ச்சி தந்தால் உணவு பெறும். தராவிட்டால் உயிரை இழக்கும். அவ்விலங்கு தனக்கென ஒரு வாழ்வு உடையது என்னும் நினைவு இரண்டிலும் இல்லை.

1931இல் ஓட்டர் ஓடைக் கரையில் இவ்விருந்து ஓர் அரங்கமாகவே அமைக்கப்பட்டது. வரிசை வரிசையாக மர இருக்கைகள். எதிரே வேலிக்கு அப்பால் உணவு கொட்டும் மேடை. மாலைதோறும் விடுதிகளின் கழிவு அங்கே கொட்டப்படும். கிரிஸ்லிகள் காட்டிலிருந்து இறங்கி வரும். துப்பாக்கி தாங்கிய வனக்காவலர் ஒருவர் குதிரைமீது அமர்ந்தபடி கூட்டத்தினருக்குக் கரடிகளைப் பற்றி விளக்குவார். இந்த அரங்கம் 1942இல், போர்க்காலத்தில், மூடப்பட்டது. ஆனால் குப்பைக் கிடங்குகள் மூடப்படவில்லை. மக்கள் கண்ணில் படாத ட்ரவுட் ஓடை, ராபிட் ஓடை போன்ற இடங்களில் அவை தொடர்ந்தன, கரடிகளும் தொடர்ந்தன.

இக்காட்சிகளுக்குக் கொடுத்த விலையைப் பூங்காவின் பதிவேடுகள் சொல்கின்றன. 1931 முதல் 1969 வரை ஆண்டுதோறும் சராசரியாக 48 பேர் அங்கே கரடிகளால் காயமுற்றனர். பொருட்சேத நிகழ்வுகள் ஆண்டுக்கு நூற்றுக்கு மேல். ஒவ்வொரு காயத்திற்குப் பின்பும் ஏதேனும் ஒரு கரடி குற்றவாளியாக நின்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! ரொட்டி கொடுத்துப் பழக்கிய கை வீடு திரும்பிவிடும். பழகிய கரடி அடுத்த வண்டியை எதிர்பார்த்துச் சாலையிலேயே நிற்கும், அடுத்தவர் கொடுக்க மறுத்தால் அறையும், பின்னர் சுடப்படும். தாய்க்கரடி தான் கற்றதைக் குட்டிக்குக் கற்பிப்பதால் இந்தப் பாடம் தலைமுறை தலைமுறையாகவும் இறங்கியது. அந்நாட்டு வனக்காவலரிடையே இது குறித்து ஒரு சொல் வழக்கு உண்டு. நம் வழக்கில் அதைச் சொல்வதானால், சோறு கண்ட கரடி செத்த கரடி. இவ்வளவு நடந்தும், 1958இல் தொலைக்காட்சிக்காக உருவான யோகி என்னும் சித்திரக் கரடி, பயணிகளின் உணவுக் கூடையைத் திருடித் திருடியே குழந்தைகளின் அன்பைப் பெற்றது. இரந்து திரியும் கரடியை வேடிக்கையாகக் காண ஒரு நாடே பழகியிருந்தது.

சாலையோரத்தில் கற்ற பழக்கம் சாலையோரத்திலேயே நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எடை குறைந்த கூடாரங்களும் முதுகு மூட்டைகளும் எளிதில் கிடைக்கலாயின. 1960களில் உட்காட்டு நடைப்பயணம் இளைஞரிடையே பெருகியது. வண்டிக்குள் இருப்பவனைக் காக்கக் கண்ணாடியேனும் உண்டு. துணிக் கூடாரத்தில் உறங்குபவனுக்கு அதுவும் இல்லை. மனிதனின் மணமும் உணவின் மணமும் ஒன்றே என்று கற்றிருந்த கரடியும், காட்டில் நட்சத்திரங்களின் கீழ் உறங்க விரும்பிய மனிதனும் ஒரே பாதையில் சந்திக்கும் காலம் வந்தது.

மொன்டானா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி அமைந்தது கிளேசியர் தேசியப் பூங்கா. அதன் உட்காட்டில், நடந்தோ குதிரையிலோ மட்டுமே சென்றடையக் கூடிய கிரானைட் பார்க் என்னும் கல்விடுதி உண்டு. 1967ஆம் ஆண்டுக் கோடையில் அவ்விடுதியின் எரிஉலை கொள்ளாத கழிவுகள் பின்புறப் பள்ளத்தில் கொட்டப்பட்டன. இரவுதோறும் கிரிஸ்லிகள் அங்கே வந்தன. அதைக் காண்பதற்கென்றே நடைப்பயணிகள் மலையேறி வந்தனர். பூங்கா அலுவலர்களுக்கும் இது தெரியும். மலையின் வேறொரு பகுதியில், ட்ரவுட் ஏரிக்கரையில், மெலிந்த பெண் கரடி ஒன்று அந்தக் கோடை முழுவதும் முகாம்களுக்குள் புகுந்து உணவைப் பறித்து வந்தது. முறையீடுகள் வந்தும் நடவடிக்கை இல்லை. ஆகஸ்ட் 13ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், சில மணி நேர இடைவெளியில், இவ்விரு இடங்களிலும் வெவ்வேறு கரடிகளால் 19 வயது இளம்பெண்கள் இருவர் கொல்லப்பட்டனர். இருவரும் கோடை விடுமுறையில் அப்பூங்காவில் பணிபுரிய வந்தவர்கள். விடுப்பு நாளில் நடைப்பயணம் சென்றவர்கள். கிளேசியர் பூங்கா 1910இல் நிறுவப்பட்ட நாள் முதல் கிரிஸ்லியால் ஒருவரும் அங்கு இறந்ததில்லை. ஒரே இரவில் இரண்டு சாவுகள் நாட்டையே உலுக்கின.

அடுத்த நாட்களில் வனக்காவலர்கள் கரடிகளைச் சுட்டனர். ட்ரவுட் ஏரிக் கரடியின் வாயைத் திறந்து பார்த்தபோது கடைவாய்ப் பற்களில் உடைந்த கண்ணாடிச் சில்லுகள் பதிந்திருந்தன. குப்பையைத் தின்று தின்று வந்த வினை அது. மெல்ல இயலாத வலியோடும் பசியோடும் அது அந்தக் கோடை முழுவதும் அலைந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. அவ்விளம்பெண்களின் பெற்றோருக்கு நேர்ந்ததை எண்ணும் நெஞ்சில் அந்தக் கண்ணாடிச் சில்லுகளுக்கும் இடம் உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு என்பதே நம் எண்ணம். இரண்டு துயரங்களும் ஒரே குப்பைக் குழியிலிருந்து புறப்பட்டவை. ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றைப் பேசினால் பொறுப்பு யாருடையது என்பது மறைந்து போகும். உண்மையில் அப்போது மறையத்தான் பார்த்தது. மனிதர் நடமாடும் பூங்காக்களில் கிரிஸ்லிகளுக்கு இடமே இருத்தல் ஆகாது, எல்லாவற்றையும் ஒழித்துவிட வேண்டும் என்ற குரல்களும் அந்நாட்களில் எழுந்தன.

யெல்லோஸ்டோன் நிர்வாகம் வேறு முடிவுக்கு வந்தது. பூங்காக்கள் இயற்கை தன் போக்கில் இயங்கும் இடங்களாக இருத்தல் வேண்டும் என்று, ஸ்டார்க்கர் லியோபோல்ட் தலைமையில் அமைந்த அறிவியலாளர் குழு 1963இலேயே பரிந்துரைத்திருந்தது. ஆகவே கிடங்குகளை மூடிவிடுவது, கரடிகளை மீண்டும் காட்டு உணவுக்குத் திருப்புவது என்று முடிவாயிற்று. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. எவ்வாறு மூடுவது, எவ்வளவு விரைவில் மூடுவது என்பதில்தான் பெரும் பூசல் எழுந்தது.

ஃபிராங்க் கிரெய்க்ஹெட், ஜான் கிரெய்க்ஹெட் என்னும் இரட்டையர்கள் 1959 முதல் அங்கே கிரிஸ்லிகளை ஆராய்ந்து வந்தனர். வானொலி அலை பரப்பும் கழுத்துப்பட்டையைக் கரடிக்கு அணிவித்து அதன் நடமாட்டத்தைத் தொடர்ந்த முன்னோடிகள் அவர்கள். 1961இல் அவ்வாறு பட்டை அணிந்த முதற்கரடிக்கு 40ஆம் எண். மேரியன் என்று செல்லப் பெயரும் உண்டு. பல தலைமுறைகளாகக் கிடங்கை நம்பி வாழ்ந்த கரடிகளிடமிருந்து அதைத் திடீரென்று பறித்தால், அவை முகாம்களைத் தேடி வரும், கொல்லப்படும், இனமே நலியும் என்று அவர்கள் எச்சரித்தனர். சில ஆண்டுகளில் படிப்படியாக மூடலாம், இடைக்காலத்தில் இறந்த மான்களின் உடல்களைக் காட்டுக்குள் வைக்கலாம் என்றனர். நிர்வாகமோ, குப்பையை நாடாத கரடிகளும் உட்காட்டில் போதிய அளவில் உள்ளன, இழுத்தடித்தால் இன்னும் ஒரு தலைமுறைக் குட்டிகள் கெட்டுப்போகும், மனித உயிரும் போகும் என்றது. 1970க்குள் பெருங்கிடங்குகள் மூடப்பட்டன. இரட்டையரின் ஆய்வும் 1971இல் முடிவுக்கு வந்தது.

எச்சரித்தது பெருமளவு நடந்தது. கிடங்கை இழந்த கரடிகள் முகாம்களுக்கும் அருகிலிருந்த சிற்றூர்களுக்கும் வந்தன. பிடிக்கப்பட்டன, தொலைவில் விடப்பட்டன, திரும்பி வந்தன, சுடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கிரிஸ்லிகள் அப்பகுதியில் மனிதர் கையால் மாண்டன. மேரியனும் 1969இல் சுட்டுக் கொல்லப்பட்டது. 1975இல் கிரிஸ்லி, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான சட்டத்தின் பாதுகாப்பின்கீழ்க் கொணரப்பட்டபோது, யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் எஞ்சியவை ஏறத்தாழ 136 என்று மதிப்பிட்டனர்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. கிடங்கை மூடியது சரியா, தவறா என்று ஒரு சொல்லில் தீர்ப்பளிப்பது எளிதன்று. மூடாதிருந்தால் ட்ரவுட் ஏரிகள் தொடர்ந்திருக்கும். படிப்படியாக மூடியிருந்தால் எத்தனை கரடிகள் பிழைத்திருக்கும் என்பதை எவரும் இனிச் சொல்ல இயலாது. ஆனால் ஒன்று தெளிவு. எண்பது ஆண்டுகள் கரடிகளைக் கெடுத்தவர்கள் மனிதர்கள். திருந்துவதென்று தீர்மானித்தவர்களும் மனிதர்கள். அந்தத் திருத்தத்தின் செலவு முழுவதும் கரடியின் கணக்கில் எழுதப்பட்டது. ஒரு வீட்டில் பல ஆண்டுகள் வேலையின்றிச் சோறிட்டு வளர்த்த பிள்ளையை ஒரு நாள் காலையில் கதவைச் சாத்தி, இனி உழைத்துப் பிழை என்று வெளியே நிறுத்தும் தந்தையின் செயலை நாம் கண்டிப்பு என்போமா? அவன் சொல்லும் அறிவுரை சரியாகவே இருக்கலாம். தன் பங்கை அவன் எங்கே செலுத்தினான் என்பதே கேள்வி.

அதன் பின் நிலை சீர்ப்பட்டது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். எஞ்சிய கரடிகள் வேரையும் கொட்டையையும், மலையுச்சிப் பாறை இடுக்குகளில் திரளும் அந்துப்பூச்சிகளையும் தேடிக் கற்றன. பின்னாளில் அவ்வட்டாரத்தில் கிரிஸ்லிகளின் எண்ணிக்கை எழுநூறைக் கடந்தது. சட்டப் பாதுகாப்பை நீக்க 2007இலும் 2017இலும் எடுத்த முடிவுகள் நீதிமன்றங்களில் நிலைக்கவில்லை. யெல்லோஸ்டோனில் கரடியால் காயமுறுவோர் இப்போது சராசரியாக ஆண்டுக்கு ஒருவரே.

இந்த மாற்றத்தில் நடைப்பயணிகளுக்கும் பங்கு உண்டு. இன்று அவ்வுட்காட்டில் நடப்பவர் கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் 100 கஜம், அதாவது ஏறக்குறைய 91 மீட்டர், விலகி நிற்க வேண்டும். பிற விலங்குகளிடமிருந்து 25 கஜம். சமைக்கும் இடமும் உறங்கும் இடமும் வேறு வேறு. பற்பசை உட்பட மணம் வீசும் எதையும் கூடாரத்துக்குள் வைத்தல் ஆகாது. உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும், அல்லது கரடி திறக்க இயலாத பெட்டியில் அடைக்க வேண்டும். திடீரென எதிர்ப்பட்டு விலங்கை வெருட்டாதிருக்கக் குரல் கொடுத்துக்கொண்டு, மூவர் நால்வராக நடப்பது நல்லது. துப்பாக்கியை நம்புவதைவிட, கண்ணை எரிக்கும் மிளகாய்ச் சாற்றுத் தெளிப்பானை இடுப்பில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். கரடி ஓடிவிடும்; ஆனால் சாகாது. இவ்விதிகள் நடப்பவனின் உயிரைக் காக்க மட்டும் எழுந்தவை அல்ல. முந்தின இரவு தங்கியவர் விட்டுச் சென்ற ஒரு ரொட்டித் துண்டு, அடுத்த வாரம் அங்கே தங்கப்போகும் முன்பின் அறியாத ஒருவரையும், அந்தத் துண்டைத் தின்ற கரடியையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளும். படம் எடுக்க நெருங்குபவரால் கரடி மேய்ச்சலை விட்டு விலகினால், பனிக்கால உறக்கத்துக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பில் அவ்வளவு குறையும். நெருங்கியவர் ஒருவராயின் பெரிதில்லை. ஒரு கோடையில் எத்தனை பேர்!

விதிகள் இருந்தும் அன்பின் பெயரால் அவற்றை மீறுவது ஓயவில்லை. 2016 மே மாதத்தில், பைசன் எனப்படும் அமெரிக்கக் காட்டெருமையின் கன்று ஒன்று குளிரில் வாடுவதாக எண்ணிய பயணிகள் அதைத் தம் வண்டியில் ஏற்றிக் காவலரிடம் கொண்டுவந்தனர். மந்தை அதை மீண்டும் ஏற்கவில்லை. அக்கன்று சாலைக்கே வந்து மனிதரையும் வண்டிகளையும் சுற்றிச் சுற்றி வந்தது. இறுதியில் அதைக் கொன்றனர். 2023 மே மாதத்தில் லாமர் ஆற்றைக் கடக்க இயலாமல் தாயைப் பிரிந்து நின்ற கன்றை ஒருவர் கரையேற்றிவிட்டார். அதற்கும் அதே முடிவு. ஏன் அதை வளர்த்திருக்கலாகாது என்று பலர் சினந்து கேட்டனர். அவ்வசந்தத்தில் பிறக்கும் கன்றுகளில் நான்கில் ஒன்று வரை இறக்கக்கூடும், அந்த உடல்கள் கரடிக்கும் ஓநாய்க்கும் பறவைக்கும் உணவாகும் என்று பூங்கா விடை கூறியது. கேட்பதற்குக் கடுமையான விடைதான். ஆயினும் கன்றைத் தூக்கிய கையின் ஈரத்தை நாம் இழிவாகப் பேச மாட்டோம். அந்த ஈரம் இல்லாத மனிதனைவிட அவர் மேலானவரே. அவரிடம் குறைந்தது இரக்கம் அன்று. இது யாருடைய வீடு என்னும் நினைவு.

கரடியின் பக்கமே நின்று தீர்ப்பளிக்க முயன்ற ஒரு நிகழ்வும் உண்டு. 2011 ஜூலை 6ஆம் நாள் யெல்லோஸ்டோனின் வாப்பிட்டி ஏரிப் பாதையில் நடந்த ஒரு தம்பதியர், இரு குட்டிகளுடன் நின்ற கிரிஸ்லியைத் தொலைவில் கண்டு திரும்பினர். கரடி அவர்களை நோக்கி வந்தது. அவர்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினர். கணவர் கொல்லப்பட்டார், அசையாமல் கிடந்த மனைவியை அது விட்டுச் சென்றது. ஓட்டமும் கூச்சலும் அதன் துரத்தலைத் தூண்டியிருக்கலாம் என்று பின்னர் ஆராய்ந்த குழு கருதியது. முன்பு எவரையும் தாக்கியிராத தாய், குட்டிகளைக் காக்கச் செய்த செயல் இது என்று முடிவு செய்து, நிர்வாகம் அதைக் கொல்லாமல் விட்டது. பழைய நாட்களில் இது நடவாது. ஆனால் ஆகஸ்ட் இறுதியில், சில கிலோமீட்டர் தொலைவில், தனியே நடந்து சென்ற மற்றொருவர் கரடியால் கொல்லப்பட்டுக் கிடந்தார். அவ்விடத்தில் கிடைத்த முடியும் எச்சமும் மரபணுச் சோதனையில் அதே தாய்க்கரடி அங்கே இருந்ததைக் காட்டின. கொன்றது அதுதானா என்பது உறுதிப்படவில்லை. இம்முறை பொறுக்கவில்லை, அக்டோபர் 2ஆம் நாள் அது கொல்லப்பட்டது. முதல் முறை விட்டது பிழையா? இரண்டாம் முறை கொன்றது பிழையா? இரண்டு முடிவுகளையும் எடுத்தவர்கள் நேர்மையானவர்கள் என்றே நாம் நம்புகிறோம்.

அதன் இரண்டு குட்டிகளும் பூங்காவின் மேற்கு வாயிலை அடுத்த ஊரிலுள்ள கிரிஸ்லி, ஓநாய்க் காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. காட்டுக்குத் திரும்ப இயலாத கரடிகளின் புகலிடம் அது. அங்கே ஒரு வேலையும் நடைபெறுகிறது. புதிதாகச் செய்யப்படும் உணவுப் பெட்டிகளுக்குள் தின்பண்டம் வைத்து அங்குள்ள கரடிகளிடம் போடுகிறார்கள். அவை கடித்தும் உருட்டியும் மேலேறி மிதித்தும் ஒரு மணி நேரம் போராடிய பின்னும் திறவாத பெட்டிக்கே சான்று கிடைக்கும். அத்தகைய பெட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு நடைப்பயணிகள் உட்காட்டுக்குள் செல்கிறார்கள்.